பல்லக்காவின் பாதி வெட்டிய சக்கரம்

எங்கள் குடியிருப்பில் எல்லோரும் அவரைப் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவோம். இயந்திரச் சக்கரங்களுக்குப் பல் வெட்டுவது அவர் தொழில் என்பதால் யாரோ எப்போதோ வைத்த பெயர். அவரும் கோபித்துக்கொள்ளவில்லை, அப்படியே நிலைத்துவிட்டது. புதிதாகக் குடிவந்த ஒருவர் கன்னம் வீங்கிப்போய் அவருடைய பட்டறை வாசலில் போய் நின்றதைச் சொல்லிச் சொல்லி இன்னும் சிரிக்கிறோம். அக்கா அவரை ஸ்டூலில் உட்கார வைத்து, வெந்நீர் கொடுத்து, அடுத்த தெருவிலிருக்கும் நிஜப் பல் டாக்டரிடம் அனுப்பிவைத்தாராம்.

நான் வாடகைக் கார் ஓட்டுகிறவன். ஆறாவது மாடியில் அக்கா வீட்டுக்கு எதிர் வீடு என்னுடையது. இயந்திரம் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் என் காரின் பானட்டைத் திறந்து பார்த்துவிட்டுக் கவலையோடு மூடுவதுதான். லிஃப்ட் நின்றுபோன அந்த மாதம் முழுக்க அக்காவை வண்டியில் ஏற்றிக்கொண்டு அலைந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

அக்கா முன்பு பம்ப் செய்யும் பெரிய தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர். பெட்டி கட்டும் பிரிவில் சேர்ந்தவரை, ஆள் வராத ஒரு நாளில் மில்லிங் பிரிவுக்கு அனுப்பினார்கள். போனவர் திரும்பி வரவில்லை. சுழலும் வெட்டுச் சக்கரத்துக்கு அடியில் உலோகத்தை இழையிழையாக நகர்த்திப் பள்ளமோ பல்லோ வெட்டும் அந்த வேலை அவருக்கு அவ்வளவு பிடித்துப்போனது. பிறகு தொழிற்சாலையை மூடினார்கள். கணக்குத் தீர்க்கும்போது மற்றவர்கள் பணமாக வாங்கிக்கொண்டு போக, அக்கா மட்டும் தான் ஓட்டிய மில்லிங் மெஷினைக் கேட்டார். அக்காவைவிட வயதான மெஷின் அது. பச்சைப் பெயின்ட், தேய்ந்து எழுத்து அழிந்த பித்தளைத் தகடு, ஒரு யானைக்குட்டி அளவு உடம்பு. எங்கள் தெருவின் பின்பக்கம் தகரக் கூரை போட்ட ஓர் அறையில் அதை இறக்கிவைத்தபோது, கதவு நிலையைப் பெயர்த்துத்தான் உள்ளே தள்ள வேண்டியிருந்தது.

அக்காவின் கணவர் டெய்லர். நாங்கள் டெய்லர் மாமா என்போம். வீட்டிலேயே ஜன்னலோரம் மெஷினைப் போட்டுக்கொண்டு தைப்பவர், வாய் ஓயாமல் பேசுபவர். "எங்க வீட்ல ரெண்டு பேருக்கும் மெஷின்தான் வேலை. அவ மெஷின் சத்தம் போடும், என் மெஷின் வேலை செய்யும்" என்பார். ஒரு காலையில் கழுத்தில் இஞ்சு டேப்போடு தைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே மெஷின் மேல் சாய்ந்துவிட்டார். நல்லவேளை, அப்போது லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம் வீணாக்காமல் கீழே கொண்டுவந்து என் காரிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம். இதயத்தில் அறுவை சிகிச்சை செய்தார்கள். டாக்டர் வெளியே வந்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது, பயப்பட ஒன்றும் இல்லை என்று சொன்னதும் அக்கா நடைபாதையில் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார். அழுவார் என்று நினைத்து என் மனைவி கைக்குட்டையோடு நின்றாள்.

அதே டாக்டர் வீட்டுக்கு அனுப்பும் பேச்சு வந்தபோது இன்னொன்றும் சொன்னார். சில மாதங்களுக்கு மாடிப்படி ஏறவே கூடாது. நாங்கள் லிஃப்ட் இருக்கிறது என்று தலையாட்டிவிட்டு வந்தோம். வந்து பார்த்தால், லிஃப்ட் நின்றுபோயிருந்தது.

கோளாறு பெரியதில்லை. லிஃப்ட் கதவைத் திறந்து மூடும் சின்னப் பல்சக்கரம் தேய்ந்து மொட்டையாகிவிட்டது. கதவு முழுக்க மூடாமல் லிஃப்ட் நகராது. அந்த மாதிரிச் சக்கரத்தை இப்போது யாரும் செய்வதில்லை, கதவு அமைப்பையே மாற்ற வேண்டும், அதற்கு நாளாகும் என்றார் லிஃப்ட் மெக்கானிக். அக்கா அந்த மொட்டைச் சக்கரத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதே அளவில் வெட்டிக் கொடுத்தால் மாட்டுவீர்களா என்று கேட்டார். அவர் தாராளமாக மாட்டுகிறேன் என்றார்.

அலைந்து திரிந்து ஒரே ஒரு வெண்கல வட்டு கிடைத்தது. அதை மெஷினில் பிடித்து, ஒவ்வொரு பல்லாக அளந்து வெட்ட ஆரம்பித்தார். அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகப் பட்டறைக்குப் போனேன். வாசலை மிதிக்கும்போதே சாட்டையால் சொடுக்கினதுபோல ஒரு சத்தம். உள்ளே மோட்டார் மட்டும் தனியாக உறுமிக்கொண்டிருந்தது. அக்கா அறுந்துபோன பெல்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாதிப் பல்லுதான் தம்பி ஆகியிருக்கு. இதைக் கழட்டவும் முடியாது. கழட்டி மாட்டும்போது முடியளவு தள்ளிப்போச்சுன்னாலும் குப்பைக்குத்தான்."

பழைய துணி ஒன்றைப் போர்த்தி, தூங்கும் பிள்ளையை விட்டுவிட்டு வருவதுபோல ஓசைப்படாமல் கதவைப் பூட்டினார்.

பெல்ட்தானே, கடையில் போய் வாங்கினால் போச்சு என்று நான் நினைத்தேன். பெல்ட் கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு அறுந்த பெல்ட்டைப் பார்த்தார். நம்பர் அழிந்துபோயிருந்தது. பழைய பெல்ட் நீண்டுபோயிருக்கும், அதை வைத்து அளவெடுக்க முடியாது என்றார். அக்கா, மாமாவின் இஞ்சு டேப்பை, பெல்ட் ஓடும் சக்கரங்களான புல்லிகளைச் சுற்றிப் பிடித்து எடுத்துவைத்திருந்த அளவைச் சொன்னார். கடைக்காரர், இடுப்பளவு சொல்வதுபோலச் சொல்கிறீர்களே என்று சிரித்துக்கொண்டே, சுவர் முழுக்கத் தொங்கிய பெல்ட்டுகளில் கிட்டத்தட்ட ஒத்துவரும் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

மாட்டினார். மோட்டாரைப் போட்டார். பெல்ட் பன்றிக்குட்டி மாதிரி கத்தியது. கொஞ்ச நேரத்தில் ரப்பர் கருகும் வாடை. இழுத்துக் கட்டினாலும் அதே கத்தல். மறுநாள் வேறு கம்பெனி பெல்ட் வாங்கினோம். அதுவும் கருகியது. மூன்றாவது முறை போனபோது கடைக்காரர் பெல்ட்டை எடுக்கவே இல்லை.

"அக்கா, நான் இன்னும் எத்தனை வேணா விற்பேன். ஆனா குறை பெல்ட்டுல இல்ல. உங்க புல்லியப் போய்ப் பாருங்க."

அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. தினம் கை வைக்கும் மெஷினில் தான் பார்க்காததை இன்னொருவர் கடையில் உட்கார்ந்தபடி சொல்கிறாரே என்று. பட்டறைக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். எனக்கும் காட்டினார். புல்லியின் பள்ளத்தில் இரண்டு பக்கச் சுவரையும் கவ்விக்கொண்டு ஓடினால்தான் பெல்ட் இழுக்குமாம். அந்தச் சுவர்கள் தேய்ந்து கிண்ணம்போலக் குழிந்திருந்தன. பெல்ட் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு வழுக்கியிருக்கிறது. அதோடு விளிம்பில் நகம் மாட்டுகிற அளவுக்கு ஒரு விரிசல். இன்னும் சில நாள் ஓடியிருந்தால் துண்டு தெறித்திருக்கும் என்றார் அக்கா. தெறிக்காமல் போனதே என்று அந்த இக்கட்டிலும் ஒரு பெருமூச்சு விட்டோம்.

அந்தப் புல்லி சாதாரணப் புல்லி இல்லை. பெரியதிலிருந்து சின்னதாக நாலு தட்டை அடுக்கிவைத்ததுபோல, ஒரே வார்ப்பில் நாலு படி. வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் பெல்ட்டைப் படி மாற்றிப் போட வேண்டும். எதிரே இருக்கிற ஜோடிப் புல்லியின் படிகளோடு அது ஒத்துப்போக வேண்டும். கடைகளில் இருந்தவை ஒன்று சின்னதாக இருந்தன, இல்லையென்றால் நடு ஓட்டை சேரவில்லை. அக்காவுக்குத் தெரிந்த லேத்துக்காரர், கடைந்து தருகிறேன், ஆனால் கடைவதற்கு வார்ப்புக் கட்டி வேண்டுமே என்றார். இரும்பை உருக்கி வார்க்கும் வார்ப்படச் சாலையில் உலையைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். கட்டி வர எவ்வளவு நாளாகும் என்று அவர்களுக்கே தெரியவில்லை.

இதற்கிடையில் மாமாவை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வர முடியாததால் மாமாவின் உடன்பிறந்த அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டோம். தரைத்தளம், காற்றோட்டமான அறை, எல்லா வசதியும் உண்டு. ஒரே குறை, அந்த நாத்தனார் தம்பியை ஏழு வயசுப் பையனாகவே வைத்திருந்தார். உப்பில்லாத சாப்பாட்டை எதிரே உட்கார்ந்து கடைசி வாய் வரை சாப்பிட வைத்தார். பேசினால் இதயத்துக்கு ஆகாது என்று யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டுப் பேசவும் தடை போட்டார். பேசாமல் இருந்தால்தான் மாமாவுக்கு இதயம் நின்றுவிடும் என்பது எங்களுக்குத் தெரியும். நாத்தனார் குளிக்கப் போகும் நேரம் பார்த்து எனக்குப் போன் செய்வார். ரகசியக் குரலில், "மாப்ள, லிஃப்ட் எப்ப ஓடும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவார்.

பழைய இரும்புக் கடைகளைத் தேட ஆரம்பித்தோம். சவாரி இல்லாத நேரமெல்லாம் அக்காவை ஏற்றிக்கொண்டேன். விரிசல் விட்ட புல்லியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். துருப்பிடித்த மலைகளுக்கு நடுவே, முழங்கை வரை கறுத்துப்போய்த் துழாவுவார். ஒரு கடையில் தையல் மெஷின் சக்கரம் கிடைத்தது, இன்னொன்றில் கிணற்று உருளை. இவர் தேடிய ஜாதியில் ஒன்றும் இல்லை. அந்த மெஷினையெல்லாம் எப்போதோ உருக்கித் தின்றாயிற்று என்றார் ஒரு கடைக்காரர்.

உருக்காமல் மிஞ்சிய ஒன்றை எனக்குக் காட்டியது ஒரு போக்குவரத்து நெரிசல்தான். தொழிற்பயிற்சிப் பள்ளி இருக்கும் சாலையில் தினமும் சிக்னலுக்கு நிற்பேன். பள்ளி வாசலில் சிமென்ட் மேடை மேல் வெள்ளிப் பெயின்ட் அடித்த ஒரு பெரிய உருவம் நிற்கும். அத்தனை வருஷமாக அதை ஏதோ சிலை என்றுதான் நினைத்திருந்தேன். அன்று பார்த்தபோது, அதன் இடுப்பும் கழுத்தும் எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. பின் இருக்கையில் இருந்த பயணியை இறக்கிவிட்டு நேரே பட்டறைக்குப் போனேன்.

அக்கா வந்து பார்த்தார். மேடையைச் சுற்றி ஒரு முறை நடந்தார். பிறகு மெல்ல, கூட்டத்தில் தொலைந்த உறவுக்காரரைக் கண்டதுபோல, அதன் மேல் கை வைத்தார். அதே மெஷின். பின்பக்க மூடி பெயின்ட்டால் ஒட்டிப்போயிருந்தது. உள்ளே எட்டிப் பார்க்கலாம் என்று அக்கா கைப்பையிலிருந்து திருப்புளியை எடுத்தது தப்பாகப் போயிற்று. காவலாளி எங்கிருந்தோ ஓடிவந்து என் சட்டையைப் பிடித்துவிட்டார். ஏற்கனவே அந்த மெஷினின் கைப்பிடிகள் இரண்டைத் திருடர்கள் கழற்றிக்கொண்டு போயிருந்தார்களாம். மிச்சத்துக்கு வந்திருக்கிறோம் என்று அவர் முடிவுகட்டிவிட்டார்.

பள்ளி முதல்வர் அறையில் நிறுத்தப்பட்டோம். முதல்வர் நரைத்த தலையும் சுருட்டிவிட்ட சட்டைக் கையுமாக இருந்த ஒரு அம்மாள். எங்கள் கதை முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, அந்த மெஷின்தான் பள்ளியில் முதன்முதலில் வந்தது, தானே அதில்தான் படித்தேன், அதிலிருந்து ஒரு திருகாணியைக்கூடக் கொடுக்க மனமில்லை என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அக்காவும் வற்புறுத்தவில்லை. மடியிலிருந்த புல்லியை மேஜை மேல் வைத்தார்.

"உங்க மெஷின் நிக்குது மேடம், என் மெஷின் ஓடணும். இரவலாக் கொடுங்க. புதுசு வார்த்து வந்ததும் நானே கொண்டுவந்து மாட்டிடறேன். அதுவரைக்கும் உள்ள என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியப் போறதில்ல."

முதல்வர் புல்லியைத் தூக்கி, விரிசலில் நகத்தை ஓட்டிப் பார்த்தார். "வீட்டுக்காரர் எந்த மாடின்னு சொன்னீங்க?" என்று கேட்டார்.

"ஆறாவது."

அவர் எழுந்து, தச்சுப் பிரிவு ஆசிரியரைக் கூப்பிட்டனுப்பினார். அந்த ஆசிரியர் ஒல்லியான மனிதர், காதில் பென்சில். இதே வடிவத்தில் மரத்தில் ஒன்று கடைய முடியுமா என்று முதல்வர் கேட்டதும், என்ன வேகத்தில் ஓட வேண்டும் என்று அவர் அக்கறையாக விசாரித்தார். ஓடவே வேண்டாம், சும்மா நின்றால் போதும் என்றதும், தன் வாழ்க்கையில் இவ்வளவு சுலபமான வேலை வந்ததில்லை என்றார். அவர் கடைந்து முடித்ததும் அதற்கு வெள்ளிப் பெயின்ட் அடித்தது காவலாளி. என் சட்டையைப் பிடித்ததற்குப் பரிகாரம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு பழைய குருவிக்கூடு, காலியாக. அதை அப்பால் எடுத்துவைத்தார்கள். புல்லி தேயாமல் புதுசுபோல இருந்தது. ஆனால் பிடித்திருந்த திருகாணி துருவேறி அசையவில்லை. முதல்வர் மண்ணெண்ணெய் கொண்டுவரச் சொல்லி ஊற்றிவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடையில் உட்கார்ந்தார். அக்கா ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். இரண்டு பெண்களும் கொஞ்ச நேரம் திருகி, கொஞ்ச நேரம் தட்டி, கொஞ்ச நேரம் திட்டினார்கள். கடைசியில் அது ணங்கென்று கழன்று அக்காவின் மடியில் விழுந்தது. முதல்வர் கையைத் தட்டிக்கொண்டு சிரித்தபோது இருபது வயசுக்காரியாகத் தெரிந்தார்.

மறுபடி வாங்கிய பெல்ட் இரவல் புல்லியில் சத்தமே இல்லாமல் ஓடியது. அக்கா துணியை விலக்கினார். ஒரு பல் வெட்டினார். அடுத்த பல்லும் விழுந்தது. நான் மாமாவுக்குப் போன் செய்து நாளைக்கே ஓடிவிடும் என்று சொல்லிவிட்டேன். அவசரப்பட்டிருக்கக் கூடாது. மூன்றாவது பல்லுக்கு நகர்த்தும்போது அக்கா சட்டென்று நிறுத்தினார். மெஷினின் உடம்புக்குள்ளிருந்து கறுப்புப் பொடி உதிர்ந்திருந்தது. உள்ளே இன்னொரு பெல்ட் உண்டு, வெட்டுச் சக்கரத்தைச் சுழற்றுகிற பெல்ட். இத்தனை நாள் வெளி பெல்ட் வழுக்கியதால் இதற்குப் பாரம் தெரியவில்லை. இப்போது இழுவை வந்ததும் அடிப்பக்கம் வெடித்துத் தோலுரிய ஆரம்பித்துவிட்டது.

புதுசு மாட்ட வேண்டுமென்றால் சுழலும் தண்டையே வெளியே உருவ வேண்டும். உருவினால் கட்டர், அதாவது வெட்டுச் சக்கரம், இடம் மாறும். கட்டர் இடம் மாறினால் பாதிச் சக்கரம் போச்சு. அக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அந்த மாதம் முழுவதிலும் அன்றுதான் அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். "அவரைப் பார்த்துட்டு வரலாம், தம்பி" என்று மட்டும் சொன்னார்.

மாமா கட்டிலில் சாய்ந்திருந்தார். நாத்தனார் மாத்திரை டப்பாவோடு வாசலில் காவல். அக்கா எதையும் மறைக்காமல் நடந்ததைச் சொன்னார். மாமா தடையெல்லாம் மறந்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, என் தையல் மெஷின் பெல்ட் அறுந்தா நான் மெஷினைப் பிரிச்சா மாட்டறேன்? நீளத் தோலைச் சுத்திவிட்டு, ரெண்டு முனையையும் கிளிப் போட்டு இணைக்கிறேன். உன்னோடது மட்டும் பிறக்கும்போதே வளையமாத்தான் பிறக்கணுமா?"

"என்னோடது கனமா இழுக்கணுங்க. கிளிப் தாங்காது."

"கனத்துக்கும் எவனாவது யோசிச்சிருப்பான். போய்க் கேளு."

அதற்குள் நாத்தனார் வந்து, பேசியது போதும் என்று அவரைப் படுக்க வைத்துவிட்டார். ஆனால் அவரும் அக்காவின் கையைப் பிடித்து, "போய்க் கேட்டுத்தான் பாரேம்மா" என்றார். தம்பியை வீட்டுக்கு அனுப்ப அவருக்கும் ஆசை வந்துவிட்டது என்று நான் புரிந்துகொண்டேன்.

பெல்ட் கடைக்காரர் கேட்டதும் நெற்றியில் அடித்துக்கொண்டார். உள் அறையில் குனிந்து, மர அறுப்புப் பட்டறைக்காரர்கள் எப்போதாவது வாங்கும் சுருள் ஒன்றை எடுத்துவந்தார். கண்ணி கண்ணியாகக் கோத்த பெல்ட். ஒவ்வொரு கண்ணியும் உள்ளங்கையில் அடங்கும் சின்னத் துண்டு. திருகி மாட்டினால் சேரும், எதிர்ப்பக்கம் திருகினால் பிரியும். வேண்டிய நீளத்துக்குக் கோத்து, மெஷினுக்குள்ளேயே சுற்றி முடிந்துகொள்ளலாம். முன்னமே ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டேன். நீங்கள் கேட்டது வெளி பெல்ட், உள் பெல்ட்டை யார் கேட்டது என்றார் அவர். நியாயம்தான்.

பழைய பெல்ட்டைக் கத்தியால் அறுத்து உருவினார் அக்கா. தண்டைத் தொடவில்லை. இரும்புக் கம்பியின் முனையில் கண்ணி பெல்ட்டைக் கட்டி உள்ளே சுற்றிக் கொண்டுவந்தார். கடைசிக் கண்ணி ஏற மறுத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினார், ஏறிவிட்டது. மோட்டாரைப் போட்டார். மெஷின் ஒரு முறை உடம்பை உதறிவிட்டு ஓடத் தொடங்கியது. கண்ணிகள் கடந்துபோகும் மெல்லிய சரசரப்பு மட்டும் கேட்டது.

பல் முழுவதும் விழுந்தது. முதல் பல்லும் கடைசிப் பல்லும் சந்தித்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தேன். எங்கே நின்று எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. லிஃப்ட் மெக்கானிக் அதை மாட்டிவிட்டுக் கதவைத் திறந்து மூடித் திறந்து மூடிப் பார்த்தார். மாடிப்படியில் கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். நாலாவது மாடி அம்மாள் காய்கறிப் பையோடு ஏறிக்கொண்டு, கீழே இறங்க வேலை எதுவும் இல்லாமலே இரண்டு தடவை போய்வந்தார்.

மறுநாள் காலை மாமாவைக் கூட்டிவந்தேன். நாத்தனாரும் துணைக்கு வந்தார். லிஃப்ட் கதவு மூடும்போது மாமா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆறாவது மாடியில் கதவு திறந்தது. மெதுவாக நடந்து தன் வீட்டுக்குள் போய், ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, "அப்பாடா" என்றார். நாத்தனார் அடுக்களையைச் சோதனை போட்டுவிட்டு, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு சாயங்காலம் கிளம்பினார்.

வார்ப்படச் சாலை உலை சரியானதும் அக்கா புதுப் புல்லி கடைந்து வாங்கி, சொன்னபடி பள்ளிக்குக் கொண்டுபோனார். முதல்வர் அதைப் பார்த்துவிட்டு, புதுசு ஓடுகிற மெஷினுக்கு இருக்கட்டும், எங்களுடையதைத் திருப்பிக் கொடுங்கள் என்றார். இருவரும் மறுபடியும் மேடையில் உட்கார்ந்து அதை மாட்டினார்கள். மரப் புல்லியைத் தச்சு ஆசிரியர் தன் மேஜைக்கு எடுத்துக்கொண்டார்.

ஆனால் எனக்கு அதிகம் ஞாபகம் இருப்பது மாமா வீடு வந்த அன்றைய சாயங்காலம்தான். அவர் தூங்கிப்போனதும் அக்கா எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். அடுப்பு பற்றவைக்கத் தெம்பில்லை, ஒரு டீ கிடைக்குமா என்று என் மனைவியிடம் கேட்டார். நின்றபடியே குடித்தார். எதிர் வீட்டிலிருந்து மாமாவின் குறட்டை கேட்டது. அக்கா டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, எங்கள் சோபாவில் சும்மா சாய்ந்தவர் அப்படியே தூங்கிவிட்டார். நாங்கள் எழுப்பவில்லை. இரண்டு வீட்டுக் கதவையும் திறந்துபோட்டுவிட்டு, மாமா கூப்பிட்டால் கேட்கும்படி நான் வாசலில் உட்கார்ந்துகொண்டேன்.